தபால் தலை: அதன் வரலாறும் விதிகளும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது" என்பது நம் பெரியோர் வாக்கு. இவ்வாக்குக்குத் தபால் தலையைக் காட்டிலும் பொருத்தமான சான்று வேறு இல்லை எனலாம். சிறு துண்டுக் காகிதம். முன்புறத்தில் ஒரு படம். பின்புறத்தில் சிறிது பசை. அதை ஓர் உறையின் மூலையில் ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டால், இராஜபாளையத்தில் எழுதிய கடிதம் அஸ்ஸாமில் உள்ள ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறது. பக்கத்திலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கடிதம் எழுதினாலும் அதே கட்டணம்தான். இது எப்படி நியாயமாகும்? இதை யார் ஏற்படுத்தினார்? தபால் தலையை எப்படிப் பயன்படுத்த வேண்டும், எப்படிப் பயன்படுத்தக் கூடாது? இவற்றை எங்களால் இயன்ற அளவு இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

கைப்பேசியில் நொடிப் பொழுதில் செய்தி போகும் இக்காலத்தில் தபால் தலையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழியர் சிலர் கேட்கலாம். வங்கி அட்டையும், நீதிமன்ற அறிவிப்பும், வேலைக்கான அழைப்பும் இன்றும் தபாலில் வருகின்றன என்பதை அவர்கள் மறத்தலாகாது. மேலும், தபால் தலையின் வரலாறு வெறும் காகிதத்தின் வரலாறு அன்று. ஏழை ஒருவர் தம் பிள்ளையின் கடிதத்தைக் காசில்லாமல் பெறும் உரிமை அடைந்த வரலாறு அது.

தலை பிறந்த கதை

1840ஆம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்து நாட்டில் கடிதத்துக்குக் கூலி கொடுப்பவர் பெரும்பாலும் அதை எழுதியவர் அல்லர், பெறுபவரே. எத்தனை தாள், எத்தனை மைல் என்று கணக்கிட்டுத் தபால்காரர் வாசலில் நின்று காசு கேட்பார். காசு இல்லாதவர் கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

கவிஞர் கோல்ரிட்ஜ் கண்டதாக ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. ஒரு பெண் தனக்கு வந்த கடிதத்தை வாங்க மறுத்தாளாம். இரக்கப்பட்ட கவிஞர் தாமே காசைக் கொடுத்து அதை வாங்கித் தந்தார். தபால்காரர் போன பின் அவள் கடிதத்தைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஓர் எழுத்தும் இல்லை! வெளியூரில் இருக்கும் அவளுடைய சகோதரன் தான் நலமாக இருந்தால் இப்படி ஒரு வெற்றுத் தாளை அனுப்புவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மேலுறையைப் பார்த்ததுமே அவளுக்குச் செய்தி கிடைத்துவிடும்; காசும் மிச்சம். இதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு மேல் ஒரு சொல் கூட அறிய வழியில்லாத அந்தத் தங்கையை எண்ணினால் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

இக்குறையை நீக்க முன்வந்தவர் ரோலண்டு ஹில் என்பவர். இவர் ஆசிரியராக இருந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1837ஆம் ஆண்டு இவர் தபால் சீர்திருத்தம் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். கடிதத்தைத் தூரத்துக்குத் தூக்கிச் செல்வதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதுவதற்கும், வீடு வீடாக நின்று காசு வசூலிப்பதற்குமே பெருஞ்செலவு ஆகிறது என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஆகவே தூரம் எதுவாயினும் ஒரே கட்டணம் வைக்க வேண்டும். அதையும் அனுப்புகிறவரே முன்னதாகக் கட்டிவிட வேண்டும் என்பது அவர் கருத்து. பக்கத்து ஊருக்கும் தூர தேசத்துக்கும் ஒரே கட்டணம் என்பதன் நியாயம் இதுவே.

கட்டணம் கட்டியதற்கு அடையாளம் வேண்டுமல்லவா? அந்த அடையாளமே தபால் தலை. 1840ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் முதல், விக்டோரியா மகாராணியின் உருவம் பொறித்த ஒரு பென்னி கறுப்புத் தலை செல்லுபடியாயிற்று. ஒரு முழுத் தாளில் 240 தலைகள் இருந்தன. அந்நாளில் 240 பென்னி சேர்ந்தது ஒரு பவுன் ஆகையால் ஒரு தாளின் விலை சரியாக ஒரு பவுன்! இன்று போல் ஓரத்தில் துளைகள் இல்லை. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். துளையிட்ட தலைகள் 1854ஆம் ஆண்டு அங்கே வழக்கத்துக்கு வந்தன.

கறுப்புத் தலைக்கு ஒரு வருடத்திலேயே ஆபத்து வந்தது. அதன் மேல் சிவப்பு மையால் முத்திரை குத்தினார்கள். சிலர் அம்மையை அழித்துவிட்டுத் தலையை மறுபடியும் ஒட்டினார்கள். ஆகவே 1841ஆம் ஆண்டு தலையைச் சிவப்பாக்கி முத்திரையைக் கறுப்பாக்கினார்கள். தபால் தலை பிறந்தபோதே அதை ஏமாற்றும் வழியும் பிறந்துவிட்டது என்பது வருந்தத்தக்க உண்மை.

தபால் தலையை முதலில் வெளியிட்ட நாடு என்ற காரணத்தால், இன்றும் இங்கிலாந்தின் தலைகளில் மட்டும் நாட்டின் பெயர் அச்சிடப்படுவதில்லை. அரசரின் உருவமே போதும்.

நம் நாட்டில்

ஆசியாவிலேயே முதல் ஒட்டுத் தலை 1852ஆம் ஆண்டு சிந்து மாகாணத்தில் வெளிவந்தது. அங்கே ஆணையராக இருந்த பார்ட்டில் பிரியர் இதை ஏற்படுத்தினார். அதன் விலை அரையணா. பின்னர் 1854ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இந்தியா முழுமைக்கும் பொதுவான தலைகள் வந்தன. தூரம் எதுவாயினும் கால் தோலா எடை வரை அரையணா என்று கட்டணம் விதித்தார்கள். கால் தோலா என்பது ஏறக்குறைய மூன்று கிராம். அவ்வருடத்து நான்கணாத் தலைகளில் சிலவற்றில் மகாராணியின் தலை கீழாக அச்சாகிவிட்டது. அந்தத் தவறான தலைகளே இன்று உலகில் மிக அரியவையாக மதிக்கப்படுகின்றன.

அரையணாவும் கொடுக்க இயலாதவர்களுக்காக 1879ஆம் ஆண்டு கால் அணா விலையில் அஞ்சலட்டை வந்தது. "கார்டு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அலகாபாத்திலிருந்து யமுனை நதியைக் கடந்து நைனிக்கு ஒரு விமானம் சுமார் 6500 கடிதங்களைச் சுமந்து சென்றது. விமானத்தில் முறையாகத் தபால் சென்றது உலகிலேயே அதுதான் முதல் தடவை. அது நம் பாரத மண்ணில் நிகழ்ந்தது என்பது நமக்குப் பெருமை.

சுதந்திர இந்தியாவின் முதல் தபால் தலை 1947ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் வெளியாயிற்று. மூவர்ணக் கொடியும் "ஜெய் ஹிந்த்" என்ற முழக்கமும் அதில் இருந்தன. மறு ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் காந்தியடிகளின் உருவம் தாங்கிய நான்கு தலைகள் வெளிவந்தன. 1950ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று உள்நாட்டுக் கடிதம் அறிமுகமாயிற்று. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அணா மறைந்து பைசாக் கணக்கு வந்தது. 1972ஆம் ஆண்டு சுதந்திர நாளன்று பின்கோடு எனப்படும் ஆறு இலக்க எண் நடைமுறைக்கு வந்தது.

இராஜபாளையத்தின் எண் 626117. ஸ்ரீவில்லிபுத்தூரின் எண் 626125. இரண்டிலும் முதல் மூன்று இலக்கங்கள் ஒன்றாக இருப்பதைக் காணலாம். முதல் இலக்கமான 6 தென்னாட்டைக் குறிக்கும். முதல் மூன்றும் சேர்ந்து கடிதங்களைப் பிரிக்கும் பகுதியைக் குறிக்கும். கடைசி மூன்றும் கடிதத்தை வீட்டில் கொண்டு சேர்க்கும் தபால் நிலையத்தைக் குறிக்கும். முகவரியின் மொழி தெரியாத ஊரில் கூட இந்த எண் வழி காட்டிவிடும்.

மலைக்கு அப்பால் வேறொரு தபால்

எங்கள் ஊர்களுக்கு மேற்கே நீண்டு கிடக்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை. அதற்கு அப்பால் முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானம் இருந்தது. அங்கே "அஞ்சல்" என்ற பெயரில் தனித் தபால் முறை நடந்து வந்தது. அஞ்சலோட்டக்காரர் மணி கட்டிய கோலை ஏந்திக் கடிதப் பையுடன் ஓடுவார். 1888ஆம் ஆண்டு முதல் அந்தச் சமஸ்தானம் தன் சங்கு முத்திரை பொறித்த தலைகளை வெளியிட்டது. விலை அணாவில் அன்று, சக்கரம் என்ற நாணயக் கணக்கில்.

அந்தத் தலைகள் சமஸ்தானத்துக்குள் மட்டுமே செல்லும். மலைக்கு இப்பாலுள்ள செங்கோட்டையும் 1956ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூரைச் சேர்ந்தே இருந்தது. எனவே செங்கோட்டையிலிருந்து அஞ்சல் தலை ஒட்டிய ஒரு கடிதம் திருவனந்தபுரத்துக்குப் போகும். பக்கத்திலுள்ள தென்காசிக்கு அதே தலை செல்லாது. 1951ஆம் ஆண்டு அஞ்சல் முறை இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. ஆனால் "அஞ்சல்" என்ற அழகிய சொல் மறையவில்லை. நாம் இன்று "அஞ்சல் நிலையம்", "அஞ்சல் தலை" என்று எழுதும் போதெல்லாம் அது வாழ்கிறது.

கைக்கொள்ள வேண்டிய விதிகள்

தபால் தலையைப் பயன்படுத்துவதற்குச் சில விதிகள் உண்டு. ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணமும் உண்டு.

முதலாவது, தலையை உறையின் முகவரிப் பக்கத்தில் வலது மேல் மூலையில் ஒட்ட வேண்டும். முத்திரை குத்துகிறவர் நூற்றுக்கணக்கான கடிதங்களை ஒரே வரிசையில் அடுக்கி வேகமாகக் குத்துவார். தலை வேறெங்கோ இருந்தால் அவர் வேலை தடைப்படும்.

இரண்டாவது, தலையின் மேல் ஒட்டும் நாடாவை ஒட்டலாகாது. முத்திரை மை தலையின் மேல் பதிய வேண்டும். நாடாவின் மேல் அன்று. ஒரு தலையின் மேல் மற்றொன்று ஏறி விலையை மறைக்கும்படியும் ஒட்டக் கூடாது. கிழிந்த தலையும் உருச்சிதைந்த தலையும் ஏற்கப்பட மாட்டா.

மூன்றாவது, கடிதத்தின் எடைக்கு உரிய விலை இருக்க வேண்டும். சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய் என்று விதித்தார்கள். கட்டணங்கள் மாறக்கூடியவை, பதிவுத் தபால் என்ற சேவையே 2025ஆம் ஆண்டு விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகையால் கனமான உறையை நிலையத்தில் கொடுத்து எடை போட்டுக் கேட்பதே உத்தமம். ஒரே தலை கிடைக்காவிட்டால் சிறு விலைத் தலைகள் பலவற்றைச் சேர்த்து ஒட்டலாம்.

நான்காவது, உள்நாட்டுக் கடிதத்துக்குள் வேறு எதையும் வைக்கக் கூடாது. ஒரு சிறு புகைப்படம் வைத்தாலும் அது உறைக் கடிதமாகக் கருதப்பட்டு அதற்குரிய கட்டணம் கேட்கப்படும்.

ஐந்தாவது, தலை ஒட்டாமலோ குறைவாக ஒட்டியோ அனுப்பினால் என்ன ஆகும்? அதற்குப் "பேரிங் தபால்" என்று பெயர். குறைந்த தொகையைப் போல் இரு மடங்கை, கடிதம் பெறுகிறவரிடம் வசூலிப்பது நெடுநாள் வழக்கம். நாம் ஓர் ஐந்து ரூபாயை மிச்சப்படுத்தினால், தனியே வீட்டிலிருக்கும் பாட்டி பத்து ரூபாய் தேட வேண்டும். கையில் சில்லறை இல்லையென்றால் பேத்தியின் கடிதம் திரும்பிப் போகும். ரோலண்டு ஹில் எந்தத் துன்பத்தை ஒழிக்கப் பாடுபட்டாரோ, அதையே நம் கவனக் குறைவால் மறுபடியும் உண்டாக்குகிறோம். வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இதில் மேலும் விழிப்பாக இருக்க வேண்டும். குறைவாகத் தலை ஒட்டிய விண்ணப்பத்தை எந்த அலுவலகமும் தன் காசைக் கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை.

ஆறாவது விதி ஓர் அருமையான சலுகை. கண் பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்துக் கடிதங்களுக்கும் நூல்களுக்கும் சாதாரணத் தபாலில் தலையே ஒட்ட வேண்டாம். வெளிச்சம் இல்லாதவர்க்கு வழியையாவது இலவசமாகத் திறந்து வைப்போம் என்பது சட்டத்தின் கருணை.

முத்திரை படாத தலை

சில வேளைகளில் நமக்கு வரும் கடிதத்தில் முத்திரை விழாமல் தலை புத்தம் புதியதாக இருக்கும். அதை நனைத்து எடுத்து மறுபடியும் ஒட்டினால் யாருக்குத் தெரியும் என்று தோன்றலாம். ஆனால் ஒரு முறை பயன்பட்ட அரசுத் தலை என்று அறிந்தே அதை மறுபடியும் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. முத்திரையை அழித்துப் பயன்படுத்தினால் தண்டனை இன்னும் அதிகம்.

சட்டத்தை ஒரு புறம் வைத்துவிட்டுச் சிந்திப்போம். தபால் தலை என்பது கூலி. பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்தவர், பிரித்தவர், இரவெல்லாம் இரயிலில் கொண்டு சென்றவர், உச்சி வெயிலில் மிதிவண்டி மிதித்து வந்து கொடுத்தவர் ஆகிய அனைவரின் உழைப்பும் அதில் அடங்கியிருக்கிறது. பழைய தலையை மறுபடியும் ஒட்டுவது, ஒரு நாள் கூலியைக் கொடுத்து இரண்டு நாள் வேலை வாங்குவதற்குச் சமம். முத்திரை விழாவிட்டால் என்ன? மனச்சாட்சியில் விழுந்துவிட்டதே!

பெயரில் குழப்பம் வேண்டாம்

"ஸ்டாம்பு" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு. கடிதத்துக்கு ஒட்டுவது தபால் தலை. 5000 ரூபாய்க்கு மேல் பணம் பெற்றுக்கொண்டு ரசீது கொடுக்கும்போது ஒட்டிக் கையொப்பம் இடுவது ரெவின்யூ ஸ்டாம்பு. அதன் விலை ஒரு ரூபாய். வழக்கு மனுக்களில் ஒட்டுவது நீதிமன்றக் கட்டண வில்லை. விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால் அவ்வூராருக்கு இது பழகிய பொருள். 1906ஆம் ஆண்டு முதல் சில தலைகளில் தபாலுக்கும் வருவாய்க்கும் உரியது என்று அச்சிட்டு இரண்டுக்கும் பயன்படுத்தினார்கள். இன்று அப்படி இல்லை. ரெவின்யூ ஸ்டாம்பு தபால் நிலையத்தில் கிடைத்தாலும் அதைக் கடிதத்தில் ஒட்டினால் செல்லாது.

தபால் தலையே வரியாக வந்த காலமும் ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டு கிழக்கு வங்கத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் நம் நாட்டுக்குள் வந்தனர். அவர்களைக் காப்பாற்ற அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் முதல் 1973 மார்ச்சு முடிய, கடிதங்களில் 5 பைசா அகதி நிவாரணத் தலை ஒன்றையும் சேர்த்து ஒட்ட வேண்டியிருந்தது. நம் பாட்டிமார்களுக்கு இது நினைவிருக்கும். தம் சொந்தக் கடிதத்தில் ஒவ்வொருவரும் முன்பின் அறியாத ஒருவரின் கஞ்சிக்கும் ஐந்து பைசா வைத்து அனுப்பினார்கள்.

எங்கள் ஊரும் தபால் தலையும்

இராஜபாளையத்தில் பிறந்து, சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும் பின்னர் ஒரிசாவின் ஆளுநராகவும் விளங்கிய பி. எஸ். குமாரசாமி ராஜா அவர்களின் தபால் தலை 1999ஆம் ஆண்டு வெளிவந்தது. 2005ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தலைகள் வெளியிட்டார்கள். இமயமலை ஆட்டு நாய், ராம்பூர் நாய், முதோல் நாய் ஆகிய மூன்றுக்கும் 5 ரூபாய். எங்கள் இராஜபாளையம் நாய்க்கு மட்டும் 15 ரூபாய்! வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய எங்கள் ஊர்க் காவல்காரனின் புகழ் அவ்வளவு. பக்கத்து விருதுநகரில் பிறந்த காமராசருக்கு 1976ஆம் ஆண்டும், திருவள்ளுவருக்கும் பாரதியாருக்கும் 1960ஆம் ஆண்டும் தலைகள் வெளிவந்துள்ளன.

பொதுவாக, வாழும் மனிதருக்குத் தலை வெளியிடுவதில்லை. இதற்கு விலக்கானோர் மிகச் சிலரே. பெண் கல்விக்குப் பாடுபட்ட கார்வே அவர்களுக்கு 1958ஆம் ஆண்டு அவருடைய நூறாவது பிறந்த நாளில் தலை வெளியாயிற்று. அன்னை தெரசாவுக்கு நோபல் பரிசு பெற்ற மறு ஆண்டாகிய 1980இல் வெளியாயிற்று. பெண்களுக்கு எழுத்தறிவித்தவர் ஒருவர். அநாதைகளுக்குத் தாயானவர் ஒருவர். கன்னியர் நடத்தும் பள்ளியில் படிக்கும் நமக்கு இவ்விரு தலைகளும் பாடப் புத்தகத்துக்கு நிகரானவை.

தங்கைகளுக்கு ஒரு சொல்

பயன்பட்ட தலைகளைக் குப்பையில் போட வேண்டாம். ஓரத்தில் சிறிது காகிதம் விட்டு வெட்டி எடுங்கள். சாதாரணப் பசைத் தலையாயின் வெதுவெதுப்பான நீரில் மிதக்க விட்டால் தானே கழன்றுவரும். கையால் உரிக்கக் கூடாது. பின் உறிஞ்சுதாளில் கவிழ்த்து உலர்த்துங்கள். பல நாடுகளில் அருட்சகோதரியர் இத்தகைய பழைய தலைகளைச் சேர்த்து விற்று மிஷன் பணிகளுக்கு உதவி வந்திருக்கிறார்கள். நமக்குச் செல்லாத தலை ஓர் ஏழைக் குழந்தைக்கு மருந்தாகலாம்.

மற்றொரு நற்செய்தியும் உண்டு. 2017ஆம் ஆண்டு தபால் துறை, தலை சேகரிப்பில் ஆர்வமும் நல்ல மதிப்பெண்ணும் உடைய ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள மாணவ மாணவியருக்கு ஆண்டுக்கு 6000 ரூபாய் உதவித் தொகையை ஏற்படுத்தியது. தீன் தயாள் ஸ்பர்ஷ் திட்டம் என்று அதற்குப் பெயர். பத்தாம் வகுப்பினராகிய எங்களுக்கு அந்த வாய்ப்புக் கடந்துவிட்டது. தங்கைகளே, உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது! பெற்றோரோடு சென்று தலைமைத் தபால் நிலையத்தில் விசாரியுங்கள்.

வருகிற அக்டோபர் 9ஆம் நாள் உலகத் தபால் தினம். அன்றைக்கு நாம் ஒவ்வொருவரும் தாத்தா பாட்டிக்கோ, விடுதியிலிருக்கும் தோழிக்கோ ஒரு கடிதம் எழுதுவோம். எடை பார்த்து, உரிய தலையை உரிய மூலையில் நேராக ஒட்டுவோம். பெறுகிறவருக்கு மகிழ்ச்சி மட்டும் போய்ச் சேரட்டும். செலவு நம்மோடு இருக்கட்டும்.